இருபது நிமிட வீணை

மாதவராஜுக்கு நெஞ்செலும்பை அறுத்து பைபாஸ் செய்து நான்கு நாளாகியிருந்தது. நர்ஸ் ஜாஸ்மின் காலையும் மாலையும் அவர் காதில் ஹெட்போனை மாட்டி, இருபது நிமிடம் வீணை கேட்க வைப்பாள். வலி குறையுமாம்.

“எங்க மொரப்பூரு மாட்டாஸ்பத்திரியிலகூட ஊசிதாம்மா போடுவாங்க,” என்று இளக்காரமாகச் சிரித்தார். சிரித்தால் நெஞ்சு விண்ணென்றது.

“வலி பத்துக்கு எத்தனைங்க?”

“எட்டு.”

பாட்டு முடிந்ததும் மறுபடி கேட்டாள். வலி துளியும் இல்லை. ஒப்புக்கொள்ள மனமில்லாமல், “அதே எட்டுதான். இந்த வித்தையெல்லாம் வேற ஏமாளிகிட்ட காட்டும்மா,” என்றார்.

“பொய் சொல்றாருங்க,” என்றாள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த அவர் மனைவி மல்லிகா. “வலி அவருகிட்ட இல்லீங்க.”

“உனக்கு எப்படிடி தெரியும்?”

மல்லிகா இரு கைகளையும் மார்பின் குறுக்கே இறுக்கிக்கொண்டு, ஒருக்களித்துப் புரண்டு, மூச்சை அடக்கி எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சை அறுத்துத் தைத்தவர்கள் அப்படித்தான் எழுவார்கள்.

மறுநாள் காலை வலி அவருக்கே திரும்பியிருந்தது. மல்லிகா சிரித்த முகமாக இட்லியைப் பிட்டு ஊட்டினாள். ஜாஸ்மின் உள்ளே வந்ததும் மாதவராஜ் மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

“இன்னைக்கு ஒரு மணி நேரம் ஓடட்டும்மா,” என்று தலையை நீட்டினார்.