வரிசையைத் தாண்டிய வண்டி

எங்கள் நாட்டு எண்ணெய் மீதான தடையை அமெரிக்கா தளர்த்திவிட்டது என்ற செய்தி மரக்காய்போ நகரத்துப் பெட்ரோல் வரிசைக்கு வந்தபோது எல்லோரும் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தார்கள். நான் காவலுக்கு நின்ற சிப்பாயிடம் ஒரு சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு என் காரை முன்னால் விட்டான்.

“யோவ், நீ என்ன ஜெனரல் வீட்டு மாப்பிள்ளையா?” டாக்சிக்கார எவெலியோ கத்தினான். “மூணு நாளா வண்டியிலயே தூங்குறோம்!”

“விடுய்யா. நம்ம எண்ணெய் அங்க போகும், அவங்க பெட்ரோல் இங்க வரும். இனி வரிசையே இருக்காது,” என்றாள் அடுத்த காரிலிருந்த நெரெய்தா.

“எத்தனை லிட்டர்?” சிப்பாய் கேட்டான்.

“கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகணும். மனைவியை அடக்கம் பண்ணணும்.”

எவெலியோ தொப்பியைக் கழற்றினான்.

போன வாரம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பெட்ரோலுக்காக டாக்டர் கொடுத்த சீட்டை இங்கேதான் காட்டினேன். “எல்லாருக்கும் அவசரம்தான், வரிசையில நில்லு” என்றான், இதே சிப்பாய்.