அத்தை எந்தப் பக்கம்?

"ரெண்டுக்கு மூணு! நாம தோத்துக்கிட்டிருக்கோம்!" என்று அலறிக்கொண்டே வால்டிர் கரும்பலகையில் இருந்த மத்தியானச் சாப்பாட்டுப் பட்டியலை அழித்துவிட்டு எண்களை எழுதினார்.

சாவோ பாலோவின் கிழக்குக் கோடியில் வால்டிரின் மூலைக்கடை நிரம்பி வழிந்தது. பீர், சூடான பொரித்த பலகாரம், வறுத்த வேர்க்கடலை, வாசலில் நான்கு கட்டு வெடி. ஆனால் டிவியில் ஓடியது கால்பந்து அல்ல, உச்ச நீதிமன்றம். கறுப்பு அங்கி போட்ட பதினொரு நீதிபதிகள் ஒவ்வொருவராக ஓட்டுப் போட, நாடே நேரலையில் பார்க்கலாம். ஆறு ஓட்டு விழுந்த பக்கம் ஜெயம்.

கடையின் நடுவே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான் எவரிஸ்டோ. அங்கோலாக்காரன். கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்து, மாட்டி, தண்டனையையும் அனுபவித்து முடித்தவன். நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவு மட்டும் இன்னும் தலைக்கு மேல் தொங்கியது. அது வந்த பிறகுதான் ஜுசிலேனியைக் கட்டினான், லொரேனா பிறந்தாள். இந்த நாட்டுக் குழந்தையை வளர்க்கிற அப்பனை அனுப்பக் கூடாது என்றது சட்டம். உத்தரவுக்குப் பிறகு பிறந்த குழந்தை கணக்கில் வராது என்றும் அதே சட்டம் சொன்னது.

"குழந்தை என்ன, உத்தரவுல தேதி பாத்துட்டா பிறக்கும்?" என்று வால்டிர் டிவியைப் பார்த்துக் கேட்டார்.

அதைத்தான் நீதிபதிகளும் மூன்று மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கு முகம் தெரியாத யாரோ ஒருவனுடையது. ஆனால் அவனுக்கு என்ன தீர்ப்போ, அதே நிலையில் இருக்கிற எல்லோருக்கும் அதுதான். எவரிஸ்டோவின் ஃபைலும் அதற்காகவே காத்துக் கிடந்தது.

அப்போது வாசலில் வந்து நின்றாள் மாமியார் சுல்மிரா. நாட்டுக் கால்பந்து டீமின் மஞ்சள் பனியன், இடுப்பில் பேத்தி. எவரிஸ்டோவோடு அவள் நேராகப் பேசி இரண்டு வருடம் ஆகிறது. சட்டையைத் துவைக்கச் சொல்வது, உப்பை எடுக்கச் சொல்வது எல்லாமே மகள் வழியாகத்தான்.

வால்டிர் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார். "அக்கா, வேணாம்க்கா! இன்னிக்கு ஒரு நாள் வீட்டுலயே இருங்களேன்!"

"மேட்ச் அன்னிக்குத்தானே என்னை உள்ள விடமாட்டே? இது கோர்ட்டுடா. தள்ளு!"

அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தவள், எவரிஸ்டோவுக்குப் பக்கத்தில் இருந்த ஜுசிலேனியின் மடியில் பேத்தியை இறக்கிவிட்டு, டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா நீதிபதி! அந்தத் திருட்டுப் பாஸ்போர்ட்காரனை ஊருக்கு அனுப்புங்க! முதல் விமானத்துலயே அனுப்புங்க!"

எவரிஸ்டோவுக்குக் காதெல்லாம் சுட்டது.

ஆறாவது நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "குழந்தை எப்போது பிறந்தது என்பது அல்ல, யாரை நம்பி வாழ்கிறது என்பதே கேள்வி. தகப்பன் இருக்கட்டும்."

மூன்றுக்கு மூன்று. கடை ஆடியது.

"அநியாயம்!" என்று சுல்மிரா மேசையைக் குத்தினாள். "அடுத்தவரே, நீங்களாவது அவனைத் துரத்துங்க!"

அடுத்தவரும் தகப்பன் பக்கமே சாய்ந்தார். நான்கு.

எவரிஸ்டோ மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஜுசிலேனி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. பெற்ற தாயே இப்படிப் பேசினால் பாவம் அவள் அழாமல் என்ன செய்வாள்? அதைவிடக் கொடுமை, வால்டிர் ஒரு தட்டு பலகாரத்தைக் கொண்டுபோய் சுல்மிராவின் மடியில் வைத்து, "இன்னும் சத்தமா, அக்கா!" என்று கெஞ்சியதுதான். இந்தக் கடைக்கு விளக்கு மாட்டிக் கொடுத்தவன் எவரிஸ்டோ. அந்த நன்றிகூட இல்லையே என்று அவன் அந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தான்.

"மூட்டை கட்டு! கப்பல்ல ஏத்து!" என்றாள் சுல்மிரா.

ஐந்துக்கு மூன்று.

ஒன்பதாவது நீதிபதி பேசாமல் காகிதத்தைப் புரட்டினார். இனி பயம் ஒன்றே ஒன்றுதான். ஃபைலைப் படிக்க அவகாசம் வேண்டும் என்று யாராவது ஒரு நீதிபதி கேட்டுவிட்டால் போச்சு. வழக்கு நின்றுவிடும், வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கும். எவரிஸ்டோவின் விரல் தானாக மகளின் குட்டிக் காலணியைப் பிடித்துக்கொண்டது.

சுல்மிரா எழுந்தே விட்டாள். "ஐயா! ஃபைலை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க! நிதானமாப் படிங்க! பத்து வருஷம்கூட எடுத்துக்குங்க!"

நீதிபதி நிமிர்ந்தார். "அவகாசம் கேட்பதாகத்தான் இருந்தேன். தேவையில்லை. தகப்பன் இருக்கட்டும்."

ஆறு!

வாசலில் வெடி வெடித்தது. நாற்காலி பறந்தது, பீர் பொங்கியது, யார் யாரையோ கட்டிப்பிடித்து முத்தமிட்டார்கள். வால்டிர் பலகையில் ஆறு என்று எழுதி, அதற்கு மீசையும் வரைந்தார். லொரேனா எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள்.

எவரிஸ்டோ அழுதுகொண்டே மாமியார் முன்னால் போய் நின்றான். "நான் ஜெயிச்சுட்டேன் அத்தை. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் போயிடணும்னு உங்களுக்கு இவ்ளோ ஆசையா?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக சுல்மிரா அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். கத்திக் கத்தி அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"மண்டு மாப்ளே! ஜெர்மனிக்காரன்கிட்ட நாம ஏழு கோல் வாங்கின அன்னிக்கு, இதே பனியனைப் போட்டுக்கிட்டு இதே நாற்காலியில உக்காந்து நம்ம டீமுக்காகக் கத்தினவ நான். நாப்பது வருஷமா நான் எந்தப் பக்கம் கத்தினாலும் அந்தப் பக்கம் தோத்துடும். அப்புறம் எந்த தைரியத்துலடா உன் பக்கம் கத்துவேன்?"