பொறுப்பாசிரியர்

ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் சயின்ஸ் டீச்சருக்கு வயிறு எரிந்தது.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வருஷத்தில் இருபது மணி நேரம் ஊருக்குள் எங்காவது தொண்டு செய்ய வேண்டும். அது அந்தப் பள்ளிக்கூடத்தின் விதி. 'பி' பிரிவுக்கு இடம் பிடித்துத் தரும் பொறுப்பு டிராயிங் மாஸ்டருடையது. அவருடைய பிள்ளைகள் முப்பத்தெட்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. நூலகம், நாய்க் காப்பகம், முதியோர் இல்லம் என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கலர் பென்சிலால் எழுதி, சுற்றிலும் பூ வேறு போட்டிருந்தார்.

'ஏ' பிரிவு அவளுடையது. அதில் பதினாலு பேர் இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வருஷமாக இந்த வேலையைத் தனியாளாகப் பார்த்தவள் அவள். அந்த மனுஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தே ஆறு மாசம்தான் ஆகிறது.

நூலகத்துக்குப் போன் போட்டாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுவிட்டு, இடம் இல்லை என்றார்கள். நாய்க் காப்பகத்திலும் அதே பல்லவி. முதியோர் இல்லத்து மேலாளர் அம்மா மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். டிராயிங் மாஸ்டர் மூலமாக வந்தால் யோசிக்கலாமாம்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை அவரை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அவளும் தட்டினாள், ஒரு கை இன்னொரு கைமேல் படாமல். போதாக்குறைக்கு, அவள் வகுப்பு லீடர் பெண்ணே வந்து தயங்கித் தயங்கிக் கேட்டது.

"மிஸ், எங்க பேரையும் சார்கிட்டயே குடுத்துடலாமா?"

வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அந்த ஆள் எவனையோ கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான், குழைந்து பேசியே காரியம் சாதிக்கிறான், எனக்கு அந்த வித்தை தெரியாது என்றாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிராமலே கேட்டான்.

"நீ அங்கெல்லாம் ஒரு தடவையாவது நேர்ல போயிருக்கியா?"

"எனக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று எரிந்து விழுந்தாள்.

ஆனாலும் கேள்வி குடைந்தது. சனிக்கிழமை மத்தியானம் முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிவிட்டாள், திருட்டுத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க.

கூடத்தில் டிராயிங் மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கிழவரின் பாதத்தை மடியில் வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள். தான் டீச்சர் என்று காட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, தன் பெண் அங்கே பதினொன்று படிக்கிறாள், அவளுக்கு இங்கே ஒரு இடம் வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னாள்.

மேலாளர் அம்மா பெருமூச்சு விட்டார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வேண்டாம் என்று இருந்தார்களாம். போன வருஷம் மூன்று பேர் வந்தார்கள். முதல் நாள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி, அப்புறம் ஆளையே காணோம். இங்கே பெரியவர்கள் வாராவாரம் தலைவாரி, சட்டை மாற்றி, வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம். வருஷக் கடைசியில் பார்த்தால், மூன்று பேரும் இருபது மணி நேரமும் முழுசாகச் செய்து முடித்ததாகப் பள்ளிக்கூடத்திலிருந்து காகிதம் வருகிறது. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால்கூட உண்மை தெரிந்திருக்கும் என்றார்.

டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்புறம் எப்படி இப்போ சேர்த்துக்கிட்டீங்க?"

"அதோ, அந்த மாஸ்டர் வந்து நின்னார். பிள்ளைங்க விட்டுட்டுப் போன அம்பத்திநாலு மணி நேரத்தையும் நானே செஞ்சு குடுத்துடறேன், அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கு மட்டும் கதவைச் சாத்திடாதீங்கன்னார். நூலகம், நாய்க் காப்பகம் எல்லா இடத்துலயும் இதே கதைதானாம். அங்கெல்லாம் ஞாயித்துக்கிழமையில போய் முடிச்சுட்டார். இங்க இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு."

அப்போதும் அவள் மனசு ஆறவில்லை. நல்ல பெயரை அவன் எடுத்துக்கொண்டு, பழியை என் தலையில்தான் கட்டியிருப்பான் என்று தோன்றியது.

"பழைய பொறுப்பாசிரியரைப் பத்தி நிறையச் சொல்லியிருப்பாரே," என்றாள்.

"பழைய ஆளா? அப்படி யாரையும் சொல்லலையே."

மேலாளர் அம்மா ஃபைலிலிருந்து மூன்று காகிதங்களை உருவி மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் 'பொறுப்பாசிரியர்' என்ற அச்செழுத்துக்கு மேலே, பெயர் விளங்காத ஒரு கிறுக்கல்.

"இதைப் போட்ட மகராசன் யாருன்னு நான்தான் கோபமாக் கேட்டேன். என்னோட கையெழுத்துதாம்மா, பார்க்காம போட்டுட்டேன், மன்னிச்சுடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார். அதுக்கு மேல என்ன பேச முடியும்?"

கூடத்தில் கிழவர் எதற்கோ சிரித்தார். மாஸ்டர் அடுத்த காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வது கதவு வழியாகத் தெரிந்தது.

மேலாளர் அம்மா பேனாவைத் திறந்தார். "சரி, உங்க பொண்ணு பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

டீச்சர் அந்தக் காகிதங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குப் பொண்ணே கிடையாதுங்க," என்றாள். "இந்தக் கையெழுத்துதான் என்னோடது."