ஆறாம் அறைக் கட்டில் கம்பி

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். நர்ஸாக வேலை பார்க்கும் வார்டில் எந்தப் பழி வந்தாலும் முதலில் வாங்குவதும் நான்தான். ஆறாம் அறைப் பெரியவர் புண்ணில் கிருமி ஏறி இறந்ததற்கும் என்னையே கைகாட்டினார்கள். மில் இயந்திரத்தில் வலது சுட்டுவிரலை இழந்தவர் அவர். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம், "கை கழுவிட்டியாம்மா?" என்பார்.

"கழுவிட்டேங்கய்யா."

உடலை எடுத்த பிறகு, துப்புரவைச் சோதிக்கக் கட்டில் கம்பியில் ஒளிரும் பூச்சைத் தடவினேன். அது நீல விளக்கில்தான் தெரியும். அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். துப்புரவுக்கு ஆள் வருமுன் மறுநாள் திறந்து பார்த்தால், பூச்சை யாரோ வழித்தெடுத்திருந்தார்கள்.

கொதித்துப்போய் டாக்டர், ஆயாம்மா, சீனியர் சிஸ்டர் என்று எல்லார் கையிலும் விளக்கை அடித்தேன். எல்லாக் கையும் சுத்தம்.

"ஊரையே சந்தேகப்படுறியே, உன் கையக் காட்டுடி!" சிஸ்டர் விளக்கைப் பிடுங்கினார்.

"நல்லாவே பாத்துக்குங்க."

உள்ளங்கை சுத்தமாக இருந்தது. திருப்பிப் பார்த்தவர் விளக்கை நழுவவிட்டார். ஆயாம்மா எடுத்துப் பிடித்தார்.

கடைசி முறை நான் கழுவாமலே கட்டு மாற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் மணிக்கட்டில், தடுத்து நிறுத்துவதுபோல் இறுக்கிப் பிடித்த விரல் தடம் மின்னியது. சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் இருட்டாக இருந்தது.