துடக்குக்காரனின் சைக்கிள்

துடக்குக்காரன் சைக்கிள் ஓடக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதியில்லை.

கோயிலுக்குப் போகக் கூடாது. கொண்டாட்டத்துக்குப் போகக் கூடாது. இழவு கேட்ட பங்காளிக்கு முப்பத்தொரு நாள் தீட்டு, அவ்வளவுதான் தடை. கருணைலிங்கம் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டு, கலுண்ட்போவுக்கு அப்பால் ஒரு பீச் மரக் காட்டுக்குள் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தார்.

டென்மார்க்கில் ஏற்றமே இல்லை என்று சொல்பவர்கள் காரில் போகிறவர்கள்.

முன்னால் வழிகாட்டி மெத்தே. அவளுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற டேனிஷ்காரர்கள். அவர்களில் மிக வயதானவரும் இவரை முந்தி நெடுநேரமாகிவிட்டது. கடைசியில் பெட்டிகளை ஏற்றிய வான். களைத்தவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் மானம் போகும், ஏறாவிட்டால் முழங்கால் போகும்.

பெட்ரோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் சும்மா செய்த வேலை. இங்கே அதற்கு மஞ்சள் மேலங்கி கொடுத்து, விடுமுறை என்று பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

பதிவு செய்தது மனைவி றஜனி. இத்தனை வருடக் கோடை விடுமுறைகளும் கோயில் திருவிழாச் சமையலில் அவிந்துபோனதைப் பார்த்தவள். இந்த வருடம் கேட்டுவிட்டாள், “நானோ, அண்டாவோ?”

அண்டாவை விட்டு வருவது லேசான காரியமல்ல. அன்னதானப் பொறுப்பிலிருந்து ஒருவர் கழர இரண்டே வழிகள். தான் சாக வேண்டும். அல்லது தன்னுடைய ஆள் ஒருவர் சாக வேண்டும்.

கொடிகாமத்து நல்லதம்பிச் சித்தப்பாவின் சாவுச் செய்தி திருவிழாவுக்குச் சற்று முன்னால் கோயிலுக்கு எட்டியது. தலைவர் கருணைலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, “அப்ப சாம்பார் ஆர் வைக்கிறது?” என்று கேட்டார். பிறகு மனம் கேட்காமல், கருணைலிங்கத்தின் கலியாண அல்பத்திலிருந்து வெட்டிய படத்தோடு முகநூலில் ஒரு கண்ணீர் அஞ்சலியும் போட்டுவிட்டார்.

ஆகவே இப்போது ஒரே ஒரு பயம். துக்கத்தில் தாடி வளர்த்துக்கொண்டு வீட்டில் கிடப்பதாக ஊர் நம்பும் மனிதர், தொடை தெரியும் கால்சட்டையோடு வைன் குடிக்கப் போவதை ஒரு தமிழ்க் கண் கண்டால் போதும். மாலைப் பூசைக்கு முன் கதை இஷொயிலிருந்து ஒடென்சே வரை போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலில் அவர் தலை நிமிர முடியாது.

றஜனிக்கு அந்தப் பயம் இல்லை. “காசு குடுத்துச் சைக்கிள் உழக்கிற தமிழர் நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான், பயப்பிடாமல் வாங்கோ.”

காடு முடிந்ததும் சரிவில் திராட்சைத் தோட்டம், யாழ்ப்பாணச் சொல்லில் முந்திரிகைத் தோட்டம். நடுவில் ஒரு மரக் கொட்டகை. உள்ளே நீள மேசையில் பாண், சீஸ், வைன்.

தோட்டக்காரர் கிளாசைச் சுழற்றி, மணந்து பார்த்து, கண்ணை மூடி, “மழையில் நனைந்த கல்லின் வாசம்” என்றார். எல்லோரும் கல்லை மணந்தார்கள். கருணைலிங்கம் ஒரு வாய் குடித்துவிட்டு, ரசத்துக்கு ஆகும் என்று முடிவு செய்தார்.

மற்றவர்கள் தோட்டக்காரரோடு கொடிகளைப் பார்க்க வெளியே போனார்கள். அப்போதுதான் போன் அடித்தது. இலங்கை இலக்கம். வீடியோ அழைப்பு. வெட்டிவிட நினைத்த விரல், கையுறையோடு, மாறி அழுத்திவிட்டது.

திரை நிறைய நரைத் தாடி. அதற்கு மேல் நல்லதம்பிச் சித்தப்பா.

“தம்பி, நான் செத்துப்போனனாமே?”

றஜனியின் வாய்க்குப் போன சீஸ் வழியில் நின்றது.

பங்காளி. பெண்சாதி பிள்ளை இல்லை. போன் இல்லை. சாகடிப்பதற்கு அவரைவிடத் தோதான ஆள் குடும்பத்தில் இருக்கவில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலி டென்மார்க்கிலிருந்து கனடாவுக்குப் போய், கனடாவிலிருந்து கொடிகாமத்துப் பக்கத்து வீட்டுக்கு, செத்த வீடு எப்போது என்று கேட்டுப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் போனைக் கொண்டுவந்து பிரேதத்தின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

“சித்தப்பா, அது வந்து…”

“படம் நல்லாத்தான் கிடக்கு. ஆர் ஆரடா அழுதவை?”

கருணைலிங்கத்துக்குச் சாம்பார்தான் ஞாபகம் வந்தது.

“சரி, விடு. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. ஆனா இண்டைக்கு எனக்கு எட்டெல்லோ? என்ன படைச்சனி?”

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். சித்தப்பாவுக்கு என்ன பிடிக்கும்? அவரைச் சாகடிக்கத் தெரிந்த கருணைலிங்கத்துக்கு அது தெரியவில்லை. றஜனியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் போனை மேசைப் பக்கம் திருப்பினார்.

“உந்தக் கிளாசில என்ன, கள்ளே?”

“அந்த மாதிரித்தான், சித்தப்பா. முந்திரிகைப் பழத்தில செய்தது.”

திரையில் ஒரு காது மட்டும் தெரிந்தது. பிறகு வந்த குரலில் பழைய கேலி இல்லை.

“அது எனக்குப் பிடிக்குமெண்டு உனக்கு ஆரடா சொன்னது?”

கருணைலிங்கம் வாயைத் திறந்தார். றஜனி அவர் காலை மிதித்தாள்.

போனை வாங்கிப் போத்தலில் சாத்திவைத்தாள். அதன் முன்னால் ஒரு கிளாசை விளிம்பு வரை நிரப்பினாள். பாணும் சீஸும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கணவரை மஞ்சள் மேலங்கியில் பிடித்து வெளியே இழுத்துவந்து, கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

படைத்தால் கொஞ்ச நேரம் வெளியேதான் நிற்க வேண்டும். அது முறை.

கருணைலிங்கம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கொடிகளுக்கு நடுவிலிருந்து மெத்தே வந்தாள். எல்லோரும் புறப்படுகிறார்கள், நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்று டேனிஷில் கேட்டாள்.

“சித்தப்பா சாப்பிடுறார்” என்றார் அவர், தமிழிலேயே.