வெள்ளைத் தாள்

மூன்று மாதமா நான்கா, எனக்குச் சரியாக நினைவில்லை. பள்ளி மாடியில் காற்றிலுள்ள தூசியை அளக்கும் கருவியிலிருந்து காவலாளி கழற்றி அனுப்பிய ஃபில்டர் தாள்கள் எல்லாம் வெள்ளைவெளேரென்றே வந்தன.

“பிள்ளைங்க இருமி இருமிச் சாகுதுங்க சார். பக்கத்து ஃபேக்டரி உலையை நிறுத்துங்க,” என்றார் தலைமையாசிரியை.

“தாள் பொய் சொல்லாதும்மா,” என்று உலைக்கு அனுமதியை நீட்டித்தார் மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்.

பிறகு சந்தேகம் அரிக்க, சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறினார். கருவியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

“எவன்யா இதைக் கட்டினது?”

“நான்தான் சார்,” என்றார் காவலாளி பெருமையாக. “மெஷின்ல ஒரு தூசி படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவிழ்க்கப் போன பொறியாளருக்குத் தான் போட்ட கையெழுத்துகள் நினைவுக்கு வந்தன. முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்.

தலைமையாசிரியை வேலையை விட்டார், நாலு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், காவலாளிக்கு வேலை நிரந்தரமானது. பொறியாளர் இப்போது தலைமைப் பொறியாளர். உலை இன்னும் எரிகிறது.