பளபளப்பு

ஜன்னல் வெயிலில் கைக்கடிகாரம் கண்ணைப் பறிக்கிறது. கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, அதன் விளிம்பை நகத்தால் தடவித் தடவிப் பார்க்கிறார். கணவனின் ஆபரேஷனுக்காக அதை விற்க வந்தவள் எதிரில் நிற்கிறாள். “யாரும்மா பாலிஷ் போட்டது?” “நான்தாங்க போடச் சொன்னேன். ஒரே கீறலா இருந்துச்சு. பளிச்சுன்னு இருந்தா நாலு காசு கூட வருமேன்னு...” கடைக்காரர் லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். “இந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கணும்மா. ஒரு ஆள் நாள்கணக்கா உட்கார்ந்து கையால தீட்டுனது. அதுக்குத்தான் அத்தனை விலை. கீறலோட வந்திருந்தா அள்ளிக் கொடுத்திருப்பேன். பாலிஷ் போட்டு அதை மழுக்கிட்டாங்களே. இனி இதுவும் அந்த அலமாரியில கிடக்கிற சாதா வாட்சும் ஒண்ணுதான்.” அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். “அந்தக் கீறலைத் திரும்பப் போட முடியாதாங்க?” கடைக்காரர் பளபளப்பில் பதிந்த தன் கைரேகையைத் துணியால் துடைத்துவிட்டு, கடிகாரத்தை அவள் பக்கம் நகர்த்துகிறார்.